ஆற்றுப் படகில் பாய்மரம்: ஒரு மறுப்பு

ஆற்றில் மீன்பிடிக்கக் கட்டிய படகு ஒன்று கையில் இருந்தால், அதில் ஒரு பாய்மரத்தை நட்டு, ஓரத்தில் ஒரு பலகையைத் தொங்கவிட்டு, பின்னால் ஒரு சுக்கானை மாட்டி அதைப் பாய்ப்படகாக்கிக்கொள்வது எளிது, மலிவு, விவேகமும்கூட என்ற கருத்து சிறுபடகு ஆர்வலரிடையே நெடுநாளாகப் புழங்கிவருகிறது. அமெரிக்காவின் வடமேற்கு மாநிலமான ஓரிகனை எடுத்துக்கொண்டால் இக்கருத்துக்குப் பக்கபலமாகச் சொல்லப்படுபவை அனைத்தும் ஒரே இடத்தில் கிடைத்துவிடுகின்றன. அங்கே மெக்கன்சி, ரோக், டெஷூட்ஸ் முதலிய வேகமான ஆறுகளுக்கென உருவான டிரிஃப்ட் படகுகள் உண்டு. அமெரிக்கா முழுவதும் பரவலாக விற்பனையாகும் தட்டையான அலுமினிய ஜான் படகுகளும் உண்டு. கொலம்பியா ஆற்றின் முகத்துவாரத்தில் ஒரு காலத்தில் பாய்விரித்து சால்மன் மீன் பிடித்த படகுக் கூட்டத்தின் வரலாறும் உண்டு. பிற்பகல் தோறும் பள்ளத்தாக்குகளின் வழியே ஆற்றோட்டத்துக்கு எதிராக மேல்நோக்கி வீசும் காற்றும் உண்டு. இவ்வளவும் இருக்க வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்பதே இக்கருத்தினரின் கேள்வி. கையில் இருப்பது வெண்ணெய்தானா என்பதை அவர்கள் பார்ப்பதில்லை.

இக்கருத்தின் அடியில் ஓர் அனுமானம் பேசப்படாமலே கிடக்கிறது. படகு என்பது மிதக்கும் பாத்திரம், அதை எது தள்ளுகிறது என்பது பின்னால் சேர்த்துக்கொள்ளும் விவரம் என்பதே அது. துடுப்பாலும் இயந்திரத்தாலும் ஓடும் படகுகளைப் பொறுத்தவரை இது ஓரளவு பொருந்தும். ஏனெனில் துடுப்பும் இயந்திரமும் படகை எத்திசையில் செலுத்த வேண்டுமோ அத்திசையிலேயே தள்ளுகின்றன. பாய் அவ்வாறு செய்வதில்லை. காற்று நேர் பின்னாலிருந்து வீசும் ஒரு நிலையைத் தவிர மற்றெல்லா நிலைகளிலும் பாயில் விழும் விசையின் கணிசமான பகுதி படகைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. காற்றை எதிர்த்து ஏற முயலும்போதோ பக்கவாட்டு விசை முன்தள்ளும் விசையைப்போலப் பல மடங்காகிறது. இதைத் தாங்கித் தடுக்க நீருக்குள் ஒரு செங்குத்துப் பரப்பு வேண்டும். அது கடற்படகில் அடிக்கட்டையாகவோ, நடுவிலுள்ள பெட்டியின் வழியே இறக்கி ஏற்றும் நடுப்பலகையாகவோ, படகின் புறத்தே தொங்கும் பக்கப்பலகையாகவோ இருக்கலாம். அப்பரப்பின் மையமும் பாயில் விழும் விசையின் மையமும் ஏறத்தாழ ஒரே செங்குத்துக் கோட்டில் அமைய வேண்டும். அமையாவிட்டால் படகு தானாகவே காற்றின் பக்கமோ காற்றுக்கு அப்பாலோ திரும்பிக்கொண்டே இருக்கும். பலகையை எங்கு வேண்டுமானாலும் மாட்டிவிடலாம் என்பவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். பலகைக்கு மேலே இருக்கும் உடலும் அந்த வேலையில் பங்குகொள்ள வேண்டும் என்பதைத்தான் அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

டிரிஃப்ட் படகை நெருங்கிப் பார்த்தால் இது விளங்கும். 1930களிலும் 1940களிலும் வுடி ஹிண்ட்மன் போன்ற தச்சர்களின் கையில் வடிவம் பெற்ற இப்படகின் அடித்தட்டு குறுக்குவாட்டில் தட்டை. நெடுக்குவாட்டிலோ அது வில்லாக வளைந்து, முன்முனையான அணியத்தையும் பின்முனையான அமரத்தையும் நீரிலிருந்து மேலே தூக்கி நிறுத்துகிறது. ஐந்து மீட்டர் நீளப் படகில் நீரைத் தொடுவது நடுப்பகுதி மட்டுமே. துடுப்பு போடுபவர் ஆறு ஓடும் திசையை நோக்கி அமர்ந்து, எதிர்த்திசையில் வலித்துப் படகின் வேகத்தைக் குறைத்து, பாறை எதிர்ப்படும்போது படகைச் சற்றே கோணலாகத் திருப்பி நீரோட்டத்தின் குறுக்கே பக்கவாட்டில் நழுவ விடுகிறார். நின்ற இடத்திலேயே சுழல வேண்டும், பக்கவாட்டில் தடையின்றி நழுவ வேண்டும் என்பவை இப்படகின் குறைகள் அல்ல. இப்படகு கட்டப்பட்ட காரணமே அவைதாம். நேர்கோட்டைப் பிடித்து ஓட வேண்டும், பக்கவாட்டில் நழுவக் கூடாது என்பவை பாய்ப்படகுக்கு முதல் இரண்டு கட்டளைகள். ஒன்றின் சிறப்புகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் எதிரே ‘கூடாது’ என்று சேர்த்தால் மற்றதன் இலக்கணம் கிடைத்துவிடும் அளவுக்கு இவ்விரண்டும் முரண்பட்டவை.

பக்கப்பலகையைக் கட்டினால் நழுவல் நின்றுவிடாதா என்று கேட்கப்படுகிறது. குறையும், ஆனால் குறுகிய நீர்க்கோட்டின் நடுவே ஆழமாக இறங்கிய ஒற்றைப் பலகை படகுக்கு ஓர் அச்சாகிவிடுவதால், முன்பே சுழல விரும்பும் உடல் இப்போது அந்த அச்சைச் சுற்றிச் சுழலும். அதை அடக்க வேண்டிய சுக்கானோ அமரத்தில் தொங்க வேண்டும். அமரம் நீரைத் தொடாமல் மேலே நிற்பதால் சுக்கானின் அலகு வழக்கத்தைவிட நெடிதாக இறங்க வேண்டும். மேலும், டிரிஃப்ட் படகில் அந்த இடம் காலியாக இல்லை: நங்கூரத்தைத் தொங்கவிடும் கையும் உருளையும் அங்கேதான் பொருத்தப்பட்டிருக்கின்றன, மீனவர் தம் இருக்கையிலிருந்தே கயிற்றைத் தளர்த்தி நங்கூரத்தை இறக்குவதற்காக. சுக்கானை மாட்டுபவர் நங்கூரத்தைக் கழற்ற வேண்டும். நங்கூரமில்லாத டிரிஃப்ட் படகு மீன்பிடிப் படகாகவும் மிஞ்சாது. இதற்கு மேல், அலை உள்ளே தெறிக்காதிருக்க உயர்த்தி வெளிச்சாய்வாக விரித்துக் கட்டிய அதன் பக்கச் சுவர்கள் காற்றுக்குப் பெரும் தடையாக நிற்கின்றன. பாயே இல்லாதபோதும் எதிர்க்காற்றில் இப்படகைக் கீழ்நோக்கி ஓட்டிச்செல்வது கையை ஒடிக்கும் வேலை என்பது அந்த ஆறுகளில் துடுப்பு போடும் வழிகாட்டிகள் அனைவரும் அறிந்தது. காற்றை எதிர்த்து ஏற வேண்டிய படகுக்கு இத்தகைய சுவர் ஆகாது.

ஜான் படகின் நிலை வேறு. அதன் அடித்தட்டு வளைந்து எழுவதில்லை. அது ஏறத்தாழ நேராகவே அமரம் வரை ஓடுகிறது. சிறு இயந்திரம் தள்ளும்போது படகு நீரைக் கிழிக்காமல் நீரின் மேல் எழும்பிச் சறுக்க வேண்டும் என்பதற்கான அமைப்பு அது. பாய் கொடுக்கும் வேகத்தில் அந்தச் சறுக்கல் நிகழாது. நீரைத் தள்ளிக்கொண்டு ஓடும் படகின் வேகம் அது எழுப்பும் அலையின் நீளத்தால் கட்டுப்படுகிறது. நான்கு மீட்டர் நீர்க்கோடு கொண்ட படகுக்கு அந்த எல்லை மணிக்குச் சுமார் 9 கிலோமீட்டர். அவ்வேகத்துக்குக் கீழே, நீரில் அமிழ்ந்த அகலமான தட்டை அமரம் தன் பின்னால் சுழலும் நீரை இழுத்துக்கொண்டே வருகிறது. தட்டைப் பெட்டிபோன்ற பாய்ப்படகுகள் ஓடவில்லையா என்று கேட்பவர்கள் 1947இல் கிளார்க் மில்ஸ் வடிவமைத்த, இன்று உலகெங்கும் சிறுவர்கள் பாயோட்டப் பழகும் ஆப்டிமிஸ்ட் படகைச் சுட்டுவது வழக்கம். 2.36 மீட்டர் நீளமுள்ள அந்தச் சிறு பெட்டியின் அடித்தட்டு இரு முனைகளிலும் மேலே வளைந்து, ஓட்டுபவர் சரியான இடத்தில் அமர்ந்தால் அமரத்தின் கீழ்விளிம்பு நீரைவிட்டு எழும்படி கட்டப்பட்டிருக்கிறது என்பதை அவர்கள் உற்றுப் பார்ப்பதில்லை. தட்டை என்பதில் அல்ல, எந்தத் திசையில் எவ்வளவு தட்டை என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

அடுத்து நிலைப்பு. ஜான் படகில் எழுந்து நின்று தூண்டில் வீசலாம். ஆதலால் அது பாயையும் தாங்கும் என்ற வாதம் கேட்க நன்றாக இருக்கிறது, கணக்குக்கு நிற்பதில்லை. 14 அடி நீளமும் 36 அங்குல அடியகலமும் கொண்ட ஒரு ஜான் படகில் ஆறு சதுர மீட்டர் பாய் கட்டியதாகக் கொள்வோம். மணிக்கு 20 கிலோமீட்டர் காற்றில் அப்பாயின் மேல் ஏறத்தாழ 14 கிலோ எடைக்கு நிகரான விசை விழும். பாயின் விசைமையத்துக்கும் நீருக்குள் இருக்கும் பலகையின் மையத்துக்கும் இடையே சுமார் 2.4 மீட்டர் உயரம் என்றால் படகைச் சாய்க்கும் திருப்புவிசை ஏறத்தாழ 34 கிலோகிராம்-மீட்டர். எண்பது கிலோ எடையுள்ள ஒருவர் காற்று வரும் பக்க விளிம்பில் ஏறி உட்கார்ந்தால், நடுக்கோட்டிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் அவர் உடல் 48 கிலோகிராம்-மீட்டர் எதிர்விசை தரும். இதுவரை கவலை இல்லை. காற்றின் விசையோ வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. காற்று 30 கிலோமீட்டராக உயர்ந்தால் சாய்க்கும் விசை 74ஐத் தாண்டும்; 40 ஆனால் 130ஐ எட்டிவிடும். மலைப் பள்ளத்தாக்கில் காற்று இருபதிலிருந்து முப்பதுக்கு எகிற ஒரு வளைவைக் கடக்கும் நேரம் போதும்.

பற்றாக்குறையை அடித்தட்டின் அகலம் ஈடுகட்டும் என்று சொல்லப்படும். ஈடுகட்டவும் செய்யும், ஆனால் ஓர் எல்லை வரைதான். தட்டையான படகு முதலில் சாய மறுத்து உறுதியாக நிற்கிறது. அடித்தட்டும் பக்கச் சுவரும் சேரும் மூலை நீரிலிருந்து எழுந்தபின் அவ்வுறுதி வளர்வது நின்று, பிறகு விரைவாகக் குறைகிறது. இப்படகில் நீருக்கு மேல் நிற்கும் சுவரின் உயரம் சுமார் 35 சென்டிமீட்டர்; விளிம்போ நடுவிலிருந்து 70 சென்டிமீட்டர் தொலைவில்; ஆக ஏறத்தாழ 25 பாகை சாய்ந்ததும் விளிம்பு நீருக்குள் போகும். பாய்ப்படகில் அவ்விடத்தில் நீரை வழித்துவிடும் மேல்தட்டு இருக்கும். ஜான் படகில் எதுவும் இல்லை. மீன் பெட்டியும் தூண்டிலும் கால்களும் இருக்கும் திறந்த தொட்டி அது, விளிம்பைத் தாண்டிய நீர் நேரே உள்ளே இறங்கித் தாழ்ந்த பக்கத்துக்கே ஓடும். இருபது அடிக்குக் குறைந்த இயந்திரப் படகுகளில் எத்தனை பேர், எவ்வளவு எடை என்று பொறித்த தகடு ஒன்று இருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். பாய்ப்படகுகளுக்கு அவ்விதி பொருந்தாது என்று அதே சட்டம் விலக்கு அளிக்கிறது. பாய் கட்டிய ஜான் படகில் அந்தத் தகடு ஒட்டியபடியே இருக்கும், ஆனால் அதிலுள்ள எண்கள் பாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பாய்மரத்தை எதில் நிறுத்துவது என்பது இன்னொரு சங்கடம். வழக்கமாகப் பரிந்துரைக்கப்படுவது முன்னிருக்கைப் பலகையில் துளையிட்டு மரத்தை அதன் வழியே அடித்தட்டு வரை இறக்குவது. மேலே குறித்த 30 கிலோமீட்டர் காற்றில், தாங்குகயிறுகள் இல்லாத பாய்மரம் இருக்கையின் துளை விளிம்பில் ஏறத்தாழ 180 கிலோ அளவுக்குப் பக்கவாட்டில் அழுத்தும், அடிமுனையிலோ எதிர்த்திசையில் 150 கிலோ அழுத்தும். அந்த இருக்கை மெல்லிய அலுமினியத் தகட்டை மடித்து ஆணியால் இறுக்கியது. மேலிருந்து உட்காரும் ஆளின் எடையைத் தாங்கக் கட்டப்பட்டது. படகு நீரால் நிறைந்தாலும் மூழ்காதிருக்க வேண்டிய நுரைக்கட்டியையும் பெரும்பாலும் அதனுள்ளேதான் அடைத்திருப்பார்கள். துளையிடுபவர் ஒரே நேரத்தில் இருக்கையின் வலுவையும் நுரையின் ஒரு பகுதியையும் வெட்டுகிறார், அதுவும் படகு கவிழும் வாய்ப்பைக் கூட்டிய அதே நாளில்.

இனி வரலாற்றுச் சான்றுகள். டிரிஃப்ட் படகும் ஒருவகை டோரிதானே, நியூஃபவுண்ட்லாந்துக் கடல்மேடுகளில் காட் மீன் பிடித்த டோரிகள் பாய்விரித்தனவே, 1876இல் ஆல்ஃபிரட் ஜான்சன் என்ற மீனவர் ‘சென்டெனியல்’ என்னும் டோரியில் தனியாளாக அட்லாண்டிக்கைக் கடந்து வேல்ஸ் கரையை அடைந்தாரே என்பது முதல் சான்று. அந்த டோரிகள் தாய்க்கப்பலின் தட்டில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிவைக்கக் கட்டப்பட்டவை. மீனும் தூண்டில் கயிறும் ஏறிய பிறகே நீரில் நிலைபெற்றவை. அவற்றின் பாய் காற்று வாய்த்தபோது கப்பலுக்குத் திரும்ப உதவிய சிறு துணி. ஜான்சனின் படகுக்கு மேல்தட்டு மூடப்பட்டிருந்தது, அடியில் பாரம் இருந்தது. அப்படியும் நடுக்கடலில் அது கவிழ்ந்து, அவர் அதை நிமிர்த்தியே பயணத்தைத் தொடர்ந்தார். விரும்பிப் பாயோட்டப்பட்ட டோரி எதுவென்றால் மாசசூசெட்ஸ் கரையின் ஸ்வாம்ப்ஸ்காட் டோரி. அதற்கோ பக்கங்கள் வளைந்து பருத்தவை, அடித்தட்டு குறுகலானது, நடுப்பலகைக்கெனப் பெட்டி உண்டு. பெயர் ஒன்றாக இருப்பதால் உடல் ஒன்றாகிவிடாது.

இரண்டாவது சான்றே வலுவானது. எதிர்த்தரப்பினர் அதையே முதலில் வைத்திருக்க வேண்டும். கொலம்பியா ஆற்றில் 1866இல் சால்மனை டப்பாவில் அடைக்கும் முதல் ஆலை வந்தபின் பெருகிய வலைப்படகுகள், ஆற்றிலேயே மீன்பிடித்துக்கொண்டு, பல பத்தாண்டுகள் பாயாலேயே ஓடின. காற்று பின்னாலிருந்து வரும்போது இரு பக்கமும் பாயை விரித்து ஓடிய அவற்றை அஸ்டோரியா நகரத்தார் வண்ணத்துப்பூச்சிப் படகுக் கூட்டம் என்றே அழைத்தனர். ஆற்று மீன்பிடிப் படகு பாயில் ஓடாது என்று யாரேனும் சொன்னால் இந்த ஒரு சான்றே அவர் வாயை அடைக்கும். ஆனால் இங்கே மறுக்கப்படுவது அதுவன்று. மாற்றிக்கொள்ளலாம் என்பதே மறுக்கப்படுகிறது. அந்தப் படகுகள் எவையும் மாற்றப்பட்டவை அல்ல. 25 அடியளவு நீளம், இரு முனையும் கூராகிய உருண்ட உடல், நடுப்பலகை, மூலைக்கழி தாங்கிய பாய் ஆகிய அனைத்தையும் ஒருசேர மனத்தில் வைத்துத் தச்சர்கள் கட்டியவை அவை. மாற்றம் பிறகு நடந்தது, எதிர்த்திசையில்: இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெட்ரோல் இயந்திரம் வந்தபோது பாய் இறங்கியது, காலப்போக்கில் இயந்திரத்தின் உந்தலில் தாழாதிருக்கும் அகன்ற அமரத்தோடு புதிய படகுகள் கட்டப்பட்டன. இதே குடும்பத்துப் படகுகள் அலாஸ்காவின் பிரிஸ்டல் விரிகுடாவில் 1951 வரை பாயிலேயே ஓடியதற்குக் காரணம், அங்கே இயந்திரப் படகுகளுக்கு இருந்த தடை அவ்வாண்டுதான் நீங்கியது என்பதே. தடை நீங்கியதும் மீனவர்கள் பாயைக் கைவிட்டார்கள். பிழைப்புக்குப் பாயோட்டியவர்களின் இந்த அவசரத்தை, பொழுதுபோக்குக்குப் பாயேற்ற நினைப்பவர்கள் ஒரு நிமிடமாவது எண்ணிப்பார்க்கலாம்.

நம் கரையிலும் இதற்கு ஒரு சாட்சி உண்டு. காவிரிக் கழிமுகத்தின் தென்கோடியில், முத்துப்பேட்டைக் காயலின் ஆழமற்ற நீரில் ஓடிய வத்தை என்னும் படகும் தட்டையான அடித்தட்டு கொண்டதே, பாயில் ஓடியதே. தட்டையாக இருந்தும் அது ஓடியது எதனால்? நழுவலைத் தடுக்கப் பக்கப்பலகைகள் இருந்தன; சாய்வைத் தடுக்கப் படகின் குறுக்கே வெளியே நீண்ட ஒரு பலகை இருந்தது, காற்று வலுக்கும்போது ஆட்கள் அதன்மேல் நகர்ந்து தம் உடல் எடையையே எதிர்பாரமாக்கினர். தட்டைப் படகுக்குப் பாய் எவ்வளவு விலை கேட்கும் என்பதை அறிந்து, அந்த விலையைக் கட்டும்போதே செலுத்திய படகு அது. அதைக் காட்டிவிட்டு, இரண்டு பற்றுக்கருவிகளால் இறுக்கிய ஒரு பலகையோடு ஜான் படகை நீரில் இறக்குவது எந்தத் தர்க்கத்திலும் சேராது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பள்ளத்தாக்கில் மேல்நோக்கி வீசும் காற்றைப் பின்னால் வாங்கிக்கொண்டு, மெதுவான நீர்ப்பகுதியில் ஆற்றை எதிர்த்து ஏறுவதற்கு இரண்டு சதுர மீட்டர் துணியும் ஒரு கழியும் போதும். காற்று நேர் பின்னால் இருப்பதால் பக்கவாட்டு விசை இல்லை, பலகை வேண்டாம், துடுப்பையே சுக்கானாகப் பிடிக்கலாம், துளை எதுவும் தேவையில்லை. இது நல்ல யோசனை. ஆனால் இது மாற்றம் அல்ல, ஒரு துணைக்கருவி. மாற்றத்தை ஆதரிப்பவர்கள் இந்த அனுபவத்தின் இனிமையைக் காட்டி முழு மாற்றத்துக்கு ஆள் சேர்ப்பதுதான் ஏற்கத்தகாதது. ஏனெனில் அடுத்த படியான காற்றை எதிர்த்து ஏறுதல் ஆற்றில் வேறு கணக்கு. இத்தகைய படகு காற்றுக்கு அறுபது பாகைக்குக் குறைவாக ஓடுவது அரிது. நீரில் மணிக்கு 5 கிலோமீட்டர் ஓடினால் காற்றுத் திசையில் கிடைக்கும் முன்னேற்றம் அதில் பாதி. ஆற்றோட்டம் எதிராக இருந்தால் அந்த இரண்டரை கிலோமீட்டரை அதுவே விழுங்கிவிடும். அறுபது மீட்டர் அகல ஆற்றிலோ ஒரு நிமிடம் முடியுமுன் கரை வந்துவிடும், திரும்ப வேண்டும், திரும்பும் ஒவ்வொரு முறையும் இந்த உடல் நின்றுபோகும்.

எஞ்சுவது மலிவு. படகு ஏற்கெனவே இருப்பதால் செலவு குறைவு என்பது, செலவின் பெரும்பகுதி உடலில்தான் இருக்கிறது என்று நம்புவதால் வரும் முடிவு. சிறு பாய்ப்படகில் பணம் போவது பாய்க்கும், பாய்மரத்துக்கும், சுக்கானுக்கும், பலகைக்கும், இவற்றைத் தாங்கும் பொருத்துகளுக்கும். பழைய ஜான் படகொன்றின் விலையை ஒரு புதிய பாயே எட்டிவிடக்கூடும். இதை அறிந்தவர்கள் ஒரு குறுக்குவழி சொல்வார்கள்: யாரிடமாவது கிடக்கும் பழைய சன்ஃபிஷ் படகை மலிவாக வாங்கி, அதன் பாயையும் மரத்தையும் சுக்கானையும் பலகையையும் கழற்றி மீன்பிடிப் படகில் பொருத்திக்கொள்ளுங்கள் என்று. சன்ஃபிஷ் 4.2 மீட்டர் நீளம், ஜான் படகின் நீளமேதான். எடை 60 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, ஜான் படகைவிடப் பெரும்பாலும் இலேசு. மேல்தட்டு மூடியது, கவிழ்ந்தால் நிமிர்த்திக்கொண்டு ஓட்டலாம். ஏழு சதுர மீட்டர் பாயைத் தாங்கவென்றே கட்டப்பட்டது. அந்தக் குறுக்குவழியில் போகிறவர் பாயோட்டக்கூடிய ஒரு படகை விலைக்கு வாங்கி, அதைப் பிரித்துப்போட்டு, பாயோட்ட முடியாத இன்னொன்றில் அதன் உறுப்புகளைப் பொருத்த ஒரு கோடைகாலத்தைச் செலவிடுகிறார். வாங்கிய அன்றே அதை ஆற்றில் இறக்கியிருக்கலாம், மீன்பிடிப் படகும் மீன்பிடிப் படகாகவே இருந்திருக்கும்.